பந்தயச் சாலைப் பெருவீரர்கள் – 6: பால்கார்சே பட்டறையிலிருந்து

இத்தாலியின் தாஸியோ நுவொலாரி 1953-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் மான்டுவா நகரில் கண்மூடியதோடு சென்ற அத்தியாயத்தை நிறுத்தியிருந்தோம். கார் சிதைந்தாலும் பொருட்படுத்தாமல், உயிரையே பணயமாக வைத்து ஓட்டிய அந்தத் தலைமுறையின் கடைசித் தீபம் அணைந்த அதே வருஷத்தில், கடல்கடந்த தென்னமெரிக்காவிலிருந்து வந்த மற்றொரு மனிதர், நாற்பத்திரண்டு வயதைக் கடந்த நிலையில், கழுத்தெலும்பு முறிந்து பல மாதங்கள் ஓய்ந்திருந்த பிறகு, மறுபடியும் ஐரோப்பியப் பந்தயச் சாலைகளில் ஓட்டிக்கொண்டிருந்தார். இனி அவருடைய காலம் முடிந்துவிட்டது என்றே பலர் கருதினார்கள். ஆனால் அவர் பெற்ற ஐந்து உலகச் சாம்பியன் பட்டங்களில் நான்கு அதற்குப் பிறகுதான் அவரை வந்தடைந்தன. ஹுவான் மானுவேல் ஃபாஞ்சியோ என்னும் அந்த அர்ஜென்டீனரின் சரித்திரமே இந்த அத்தியாயம்.

புவெனஸ் அயர்ஸ் நகருக்குத் தெற்கே, உருளைக்கிழங்கு விளைச்சலுக்குப் பெயர்போன பால்கார்சே என்னும் சிற்றூரில், இத்தாலியிலிருந்து குடியேறிய ஓர் எளிய குடும்பத்தில், 1911-ஆம் வருஷம் ஜூன் மாதம் 24-ஆம் தேதி அவர் பிறந்தார். பள்ளிப் பருவம் முடிவதற்கு முன்பே மோட்டார் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டபடியால், காரை ஓட்டும் வித்தைக்கு முன்னால் காரைப் பிரித்துப் பூட்டும் வித்தையே அவருக்குக் கைவந்தது. கால்பந்தாட்டத்திலும் அவருக்குப் பிரியம் அதிகம். சற்றே வளைந்த கால்களைக் கொண்டு அவர் பந்தை உதைத்த விதத்தைப் பார்த்து ஊர்ப் பிள்ளைகள் ‘கோணற்காலன்’ என்ற பொருளில் சூட்டிய ‘சுவெக்கோ’ என்ற பட்டப்பெயர், உலகப் புகழ் எய்திய பிறகும் தாய்நாட்டில் அவரை விட்டு நீங்கவில்லை. 1936-இல் அவர் கலந்துகொண்ட முதல் பந்தயத்துக்கு வாகனமாக அமைந்தது நண்பரின் வீட்டாருக்குச் சொந்தமான ஒரு ஃபோர்டு வாடகைக் கார். வீட்டாருக்குத் தெரியாதிருக்கும் பொருட்டு ‘ரிவடாவியா’ என்ற புனைபெயரில் ஓட்டினார் என்பதையும், அந்தக் கார் பந்தயத்தை முடிக்கவில்லை என்பதையும் நினைக்கும்போது, இருபது வருஷங்களில் அந்த மனிதர் ஏறிய உயரம் எத்தகையது என்பது விளங்கும்.

அந்நாளைய அர்ஜென்டீனாவில் கார்ப் பந்தயம் என்றால், ஒரே வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வருவதன்று. ஒரு தலைநகரிலிருந்து மற்றொரு தலைநகருக்கு, தார் காணாத மண் பாதையிலும், பாலமில்லாத ஆற்றிலும், ஆண்டீஸ் மலைத்தொடரின் பனிமூட்டத்திலும், நாட்கணக்காக ஓட்டிச் செல்வதே பந்தயம். 1940-ஆம் வருஷம் புவெனஸ் அயர்ஸிலிருந்து பெரு நாட்டின் லிமா வரை போய்த் திரும்பிய பந்தயத்தின் தூரம் சுமார் 9,500 கிலோமீட்டர். செப்டம்பர் இறுதியில் தொடங்கி அக்டோபர் நடுவில் முடிந்தது. நான்காயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் மனிதனுக்கு மூச்சு முட்டுவது போலவே என்ஜினுக்கும் காற்றுப் போதாமல் திணறும். பகலெல்லாம் ஓட்டிய காரை இரவில் பழுதுபார்க்க வேண்டியவரும் ஓட்டுநரும் அவருடைய துணைவருமே. பால்கார்சே ஜனங்கள் தங்களுக்குள் பணம் திரட்டி வாங்கிக் கொடுத்த செவர்லே காரில் பந்தய வாழ்வில் நிலைபெற்ற ஃபாஞ்சியோ, அந்த மாபெரும் ஓட்டத்தில் முதலாவதாக வந்து, அவ்வருஷத்திலும் அதற்கடுத்த வருஷத்திலும் தேசிய சாம்பியனானார்.

வாசகர்கள் இவ்விடத்தில் சற்று நின்று கவனிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஃபாஞ்சியோவைப் பற்றி எழுதியவர்களிற் பெரும்பாலோர் ஐரோப்பாவில் அவர் பெற்ற வெற்றிகளை வருணித்துவிட்டு, இந்த மண்பாதை வருஷங்களைச் சில வரிகளில் தாண்டிப்போய்விடுகிறார்கள். என் அபிப்பிராயத்தில் அவரை உருவாக்கியது இந்தப் பாதைகளே. கியர்ப்பெட்டியின் ஓசை இம்மி மாறினாலும் அதன் காரணத்தை அறிவதும், நாளைய ஓட்டத்துக்கு வேண்டிய பிராணனை இன்றே செலவழித்துவிடாமல் யந்திரத்தைக் காப்பதும், உதவிக்கு ஒருவரும் வரமுடியாத வனாந்தரத்தில் உடைந்ததை வைத்துக்கொண்டே ஊர் போய்ச் சேர்வதும் அங்கே பயின்ற பாடங்கள். யானையின் காதசைவைக் கண்டே அதன் மனநிலையை அறியும் பாகனைப் போல், அவர் காரின் நோவை ஆசனத்தின் அதிர்விலிருந்தே அறிந்தார். வெற்றிக்குத் தேவையான வேகத்துக்கு மேல் ஒரு துளியும் கூட்டாமல் ஓட்டுபவர் என்று பின்னாளில் அவரைச் சகவீரர்கள் சொன்னதன் இரகசியம் இதுவே.

யுத்தம் பந்தயங்களை நிறுத்திவைத்தது. யுத்தம் முடிந்து 1948-இல் புவெனஸ் அயர்ஸிலிருந்து வெனிஸுவேலாவின் காரகாஸ் வரை நடந்த பந்தயத்தில், பெரு நாட்டுக் கடற்கரையை ஒட்டிய சாலையில், ஃபாஞ்சியோவின் கார் உருண்டு விழுந்து, அவருடைய துணைவரும் உயிர்த்தோழருமான தானியேல் உருத்தியா உயிர் இழந்தார். வெற்றி வாய்ப்போடு ஓட்டிக்கொண்டிருந்த எவுசெபியோ மார்சிலா என்ற போட்டியாளர் தம் காரை நிறுத்தி, காயமுற்ற ஃபாஞ்சியோவை ஏற்றிக்கொண்டு சிகிச்சைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். நாடெங்கும் மார்சிலாவை ‘சாலையின் கனவான்’ என்று கொண்டாடியதற்குக் காரணம் அதுதான். பந்தயத்தையே துறந்துவிடலாமா என்று அந்நாட்களில் ஃபாஞ்சியோ எண்ணியதில் வியப்பில்லை. ஆனால் அர்ஜென்டீன மோட்டார் சங்கமும் பெரோன் அரசாங்கமும் தங்கள் தேசத்து வீரர் ஒருவரை ஐரோப்பாவுக்கு அனுப்பத் தீர்மானித்து, மஸராட்டி கார்களை வாங்கி, தேசியக் கொடிக்கேற்ற நீலமும் மஞ்சளும் பூசி அவர் கையில் ஒப்படைத்தபோது, அவர் மறுக்கவில்லை. 1949-இல் சான்ரெமோ, போ, பெர்பிஞான், மார்ஸேய், அல்பி, மோன்ஸா ஆகிய ஆறு இடங்களிலும் வென்றார். அப்போது அவருக்கு வயது 38 நிறையும் தறுவாய். மற்றவர்கள் ஓய்வைப் பற்றி யோசிக்கும் வயதில் அவர் ஐரோப்பாவுக்கு அறிமுகமானார்.

மறுவருஷம் உலகச் சாம்பியன் போட்டி முதன்முறையாக நிறுவப்பட்டது. ஆல்ஃபா ரோமியோ நிறுவனம் அவரைத் தன் அணியில் சேர்த்துக்கொண்டது. அந்த வருஷப் பட்டம் சக வீரர் ஃபரீனாவுக்கே கிடைத்ததாயினும், மே மாதம் 21-ஆம் தேதி மொனாக்கோவில் நடந்த ஒரு சம்பவத்தை விட்டுவிட்டு மேலே செல்ல மனம் வரவில்லை. முதற் சுற்றிலேயே கடலலை தெறித்துச் சாலையை நனைக்க, ஃபரீனாவின் கார் சுழன்று நிற்க, பின்னால் வந்த கார்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மோதி வழியை அடைத்துவிட்டன. முன்னணியில் போய்விட்ட ஃபாஞ்சியோவுக்கு இது தெரியாது. அடுத்த சுற்றில் பெருவேகத்தோடு அந்தத் திருப்பத்தை நெருங்கும்போது, பார்வையாளர்களின் முகங்கள் வெளுத்துத் தோன்றவேண்டிய இடத்தில் அவர்களுடைய தலைகளின் கருமையே தெரிவதைக் கண்டார். பந்தயத்தில் முதலாவதாக வருகிறவனை ஜனங்கள் பார்க்காமல் வேறெங்கோ பார்க்கிறார்கள் என்றால், அங்கே அவனைவிட முக்கியமான ஏதோ நிகழ்ந்திருக்கவேண்டும். இந்த அனுமானத்தையும், 1936-இல் அதே இடத்தில் நேர்ந்த விபத்தைப் பற்றித் தாம் பார்த்திருந்த புகைப்படத்தின் ஞாபகத்தையும் க்ஷணப்பொழுதில் சேர்த்து, பிரேக்கை அழுத்தினார். கார் இடிபாடுகளுக்குச் சற்று முன்பாக நின்றது. பின்பு கிடைத்த இடைவெளியில் நுழைந்து வெளியேறி, அந்தப் பந்தயத்தையும் வென்றார். இதை அதிருஷ்டம் என்று சொல்பவர்களோடு நான் உடன்படுவதற்கில்லை.

1951-இல் ஆல்ஃபா ரோமியோவோடு முதற்பட்டம் கிடைத்தது. கடைசிப் பந்தயம் ஸ்பெயின் நாட்டு பெத்ரால்பெஸ் சாலையில் அக்டோபர் 28-ஆம் தேதி நடந்தபோது, ஃபெராரி அணியினர் சிறிய சக்கரங்களைத் தேர்ந்தெடுத்து டயர்கள் கிழிந்து அவதியுற, ஃபாஞ்சியோ அமைதியாக ஓட்டி வென்றார்.

அதற்கடுத்த வருஷம், அளவறிந்து ஓட்டும் தமது நியதியை அவர் மீறினார். ஜூன் 7-ஆம் தேதி வட அயர்லாந்தில் ஒரு பந்தயம். மறுநாள் இத்தாலியின் மோன்ஸாவில் மற்றொன்று. பாரிஸ் வரை வந்து சேர்ந்த அவருக்கு மேலே செல்ல விமானம் கிடைக்காமற்போகவே, இரவு முழுவதும் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டிக் காரை ஓட்டிக்கொண்டு, பந்தயம் தொடங்க அரைமணி இருக்கும்போது மோன்ஸா வந்து சேர்ந்து, ஒத்திகையும் உறக்கமும் இன்றிக் கடைசி வரிசையிலிருந்து புறப்பட்டார். இரண்டாவது சுற்றில், லெஸ்மோ வளைவில், வழக்கமாக அவர் கைகள் தாமே செய்யும் திருத்தத்தைச் செய்யக் களைப்பு இடங்கொடுக்கவில்லை. காரிலிருந்து தூக்கியெறியப்பட்டுக் கழுத்தெலும்பு முறிந்தது. பந்தயத்தில் வென்ற ஃபரீனா வெற்றி மாலையைக் கொண்டுவந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவருக்கு அளித்தார். தவறு காருடையதன்று, சாலையுடையதன்று, தம்முடையதே என்று ஃபாஞ்சியோ பிற்காலத்தில் ஒளிவின்றிச் சொன்னார்.

குணமடைந்து திரும்பிய 1953-இல், இத்தாலியின் ஆயிரம் மைல் பந்தயமாகிய மில்லே மில்லியாவில், ஸ்டியரிங் பழுதுபட்டு முன்சக்கரங்களில் ஒன்று மட்டுமே திரும்பிய ஆல்ஃபா ரோமியோவை ஊர்கள், மலைகள் வழியே கொண்டுவந்து இரண்டாமிடம் பெற்றார். பட்டறையில் கற்ற வித்தை எங்கே போகும்! 1954-ஆம் வருஷத்தை மஸராட்டியில் தொடங்கி, ஜூலை 4-ஆம் தேதி பிரான்ஸின் ரீம்ஸ் நகரில் பந்தய உலகுக்குத் திரும்பிவந்த மெர்ஸிடிஸின் வெள்ளிநிறக் காருக்கு மாறி, இரண்டாவது பட்டத்தையும், மறுவருஷம் மூன்றாவதையும் அடைந்தார். மெர்ஸிடிஸின் யந்திர மேன்மை அந்த வெற்றிகளிற் பாதிக்குக் காரணம் என்பதை மறுப்பது நேர்மையாகாது. எக்காலத்திலும் சிறந்த காரையே தேடிப் பிடித்துக்கொண்டார் என்று அவரைக் குறைகூறுவோர் இதைத்தான் சுட்டுகிறார்கள். ஆனால் 1955 ஜனவரியில், புவெனஸ் அயர்ஸின் கொடுங்கோடை வெப்பம் தாங்காமல் வீரர்கள் ஒவ்வொருவராகக் காரை மாற்றாளிடம் கொடுத்துவிட்டு நிழலில் சாய்ந்தபோது, சூடேறிய குழாய் காலைச் சுட்டுப் புண்ணாக்கிய நிலையிலும், மூன்று மணி நேரம் தனியொருவராக ஓட்டி வென்ற பெருமை காரைச் சேர்ந்ததன்று. அதே வருஷம் ஜூன் மாதம் லெமான் பந்தயத்தில் லெவெக் என்ற பிரெஞ்சு வீரரின் கார் ஜனக்கூட்டத்திற் பாய்ந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கடைசிக் கணத்தில் கையுயர்த்தி எச்சரித்து லெவெக் தம் உயிரைக் காத்தார் என்று, பின்னால் வந்துகொண்டிருந்த ஃபாஞ்சியோ வாழ்நாள் முழுவதும் நம்பினார். அந்த வருஷக் கடைசியில் மெர்ஸிடிஸ் பந்தயங்களிலிருந்து விலகியது.

1956-இல் ஃபெராரியிற் சேர்ந்தார். அங்கே அவருக்கு மன அமைதி இல்லை. ஆயினும் செப்டம்பர் 2-ஆம் தேதி மோன்ஸாவில் அவருடைய கார் பழுதுற்று நின்றபோது, பீட்டர் காலின்ஸ் என்ற இருபத்துநான்கு வயது ஆங்கிலேய இளைஞர், தமக்கே பட்டம் பெறும் வாய்ப்பு இருந்தும், கேளாமலே காரிலிருந்து இறங்கித் தம் ஆசனத்தை அவருக்குக் கொடுத்தார். நான்காவது பட்டம் அந்த உதாரகுணத்தால் வந்தது. இந்தக் காலின்ஸை வாசகர்கள் மறந்துவிட வேண்டாம்.

இனி 1957 ஆகஸ்டு 4-ஆம் தேதி. ஜெர்மனியின் ஐஃபெல் மலைக்காடுகளினூடே 1927-இல் அமைக்கப்பட்ட நூர்பர்க்ரிங் சாலையின் ஒரு சுற்று 22.8 கிலோமீட்டர், அதற்குள் 170-க்கும் மேற்பட்ட வளைவுகள். பந்தயம் 22 சுற்றுகள். ஃபாஞ்சியோ மஸராட்டியில், எதிரே ஃபெராரி கார்களில் மைக் ஹாத்தர்னும் அதே பீட்டர் காலின்ஸும். கடினமான டயர்களைப் பூட்டி, டாங்கி நிறைய எரிபொருளோடு இடையில் நிற்காமலே ஓடிமுடிக்க ஃபெராரியினர் திட்டமிட்டார்கள். ஃபாஞ்சியோ மென்மையான டயர்களோடும் பாதி டாங்கியோடும் புறப்பட்டு, பாரக்குறைவினால் முன்னேறி, பாதிவழியில் பிட்டில் நின்று டயரையும் எரிபொருளையும் மாற்றிக்கொள்வது என்று வகுத்தார். பன்னிரண்டாவது சுற்றின் முடிவில் ஏறக்குறைய அரை நிமிஷ முன்னிலையோடு உள்ளே வந்தார். ஆனால் சக்கரத்தின் நட்டு ஒன்று உருண்டு காருக்கடியில் போய்விட, மெக்கானிக்குகள் அதைத் தேடித் தடுமாற, வேலை எதிர்பார்த்ததற்கு மிஞ்சி நீண்டது. வெளியேறியபோது இரண்டு ஆங்கிலேயர்களும் முக்கால் நிமிஷத்துக்கும் மேலாக முன்னே போயிருந்தார்கள்.

முதல் ஓரிரு சுற்றுகளில் அவர் வேகத்தைக் கூட்டவில்லை. புது டயர்கள் பதம்பெறக் காத்திருந்தார். இதைக் கண்ட ஃபெராரியினர், வெற்றி உறுதியென்று தங்கள் வீரர்களுக்கு நிதானமாக ஓட்டும்படி சைகை காட்டினார்கள். அதன்பின் நிகழ்ந்தது ஃபாஞ்சியோவின் இயல்புக்கு முற்றிலும் மாறானது. எந்த வளைவை எந்தக் கியரில் எடுப்பது என்று வருஷக்கணக்காக அறிந்துவைத்திருந்தாரோ, அந்த வளைவுகளையெல்லாம் ஒரு கியர் மேலே வைத்து எடுத்தார். கார் சாலையின் விளிம்புவரை வழுக்கிச் செல்வதையும் அனுமதித்தார். சுற்றுக்குச் சுற்று சாதனை முறிந்தது. முந்தைய வருஷம் அவரே நிறுவிய சாதனை 9 நிமிஷம் 41.6 விநாடி, பந்தயத்துக்கு முன் ஒத்திகையில் அவரே எடுத்த மிகச் சிறந்த நேரம் 9 நிமிஷம் 25.6 விநாடி; இருபதாவது சுற்றிலோ 9 நிமிஷம் 17.4 விநாடி. பிட்டில் நின்ற ஃபெராரியினர் அபாயத்தை உணர்ந்து, விரையும்படி சைகை காட்டத் தொடங்கியபோது காலம் கடந்துவிட்டது. ஏனெனில் அவ்வளவு நீளமான சுற்றில் ஒரு சைகைக்கும் அடுத்ததற்கும் இடையே ஒன்பது நிமிஷத்துக்கும் மேல் ஆகும். இருபத்தோராவது சுற்றின் தொடக்கத்தில் காலின்ஸைத் தாண்டினார். மஸராட்டியின் சக்கரம் தெறித்த கல் காலின்ஸின் கண்ணாடியை உடைத்தது. அதே சுற்றில், உட்புறச் சக்கரங்கள் புல்லிற் பட, ஹாத்தர்னையும் தாண்டினார். கடைசி வேளையில் ஆசனத்தின் பிடிப்பு உடைந்து ஆட, முழங்கால்களைக் காரின் பக்கத்தில் முட்டுக்கொடுத்துக்கொண்டு ஓட்டி, 3.6 விநாடி வித்தியாசத்தில் வென்றார். நாற்பத்தாறாம் வயதில் ஐந்தாவது பட்டம் உறுதியாயிற்று. தோற்ற இருவரும் அவரைத் தழுவி மகிழ்ந்தார்கள். அவர்கள் முகத்தில் பொறாமையின் நிழலும் இல்லை.

அன்றைக்குப் பின் சில இரவுகள் ஃபாஞ்சியோவால் உறங்க முடியவில்லை. கண்ணை மூடினால் அந்த வளைவுகளே தோன்றின என்றும், அதுபோல் தாம் அதற்குமுன் ஓட்டியதில்லை, இனி ஓட்டவும் விரும்பவில்லை என்றும் அவர் சொல்லியிருக்கிறார். தம் வாழ்வில் சேர்த்துவைத்த யந்திர ஞானம் அனைத்தையும் எந்த எல்லையைக் காப்பதற்காகப் பயன்படுத்தினாரோ, அந்த எல்லை மிகச் சரியாக எங்கே இருக்கிறது என்று அறிந்திருந்ததனால்தான், ஒரு பிற்பகல் மட்டும் அதற்கப்பால் காலெடுத்து வைத்துத் திரும்பிவர அவரால் முடிந்தது என்பது என் துணிபு.

உலகச் சாம்பியன் பந்தயங்களில் அதுவே அவருடைய இருபத்துநான்காவது வெற்றி. கடைசி வெற்றியும் அதுவே. 1958 பிப்ரவரி 23-ஆம் தேதி, பந்தயம் ஒன்றுக்காகச் சென்றிருந்த கியூபாவின் ஹவானா நகரில், லிங்கன் ஹோட்டலின் முன்கூடத்தில், காஸ்ட்ரோவின் ஜூலை 26 இயக்கத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர் துப்பாக்கி முனையில் அவரைக் கடத்திச் சென்றார். மறுநாள் பந்தயம் அவரில்லாமலே நடந்து, ஒரு கார் கூட்டத்திற் பாய்ந்து பலர் மாண்டபின், இயக்கத்தார் அவரை அர்ஜென்டீனத் தூதரிடம் பத்திரமாக ஒப்படைத்தார்கள். தம்மைக் கடத்தியவர்கள் மரியாதையோடு நடத்தினார்கள் என்று சொன்ன அவர், அவர்கள்மீது ஒருநாளும் பகை பாராட்டவில்லை.

அவ்வருஷம் ஜூலை 6-ஆம் தேதி ரீம்ஸ் பந்தயத்தில் கிளட்ச் பெடல் உடைந்த மஸராட்டியை நான்காமிடத்துக்குக் கொண்டுவந்தார். முதலாவதாக வந்த ஹாத்தர்ன், முடிவுக்கோட்டை நெருங்கும்போது ஃபாஞ்சியோவை ஒரு முழுச் சுற்றுப் பின்தங்கியவராக்க மனமில்லாமல், வேகத்தைக் குறைத்து அவருக்கு வழிவிட்டார். அதே பந்தயத்தில் லூயிஜி முஸ்ஸோ என்ற வீரர் உயிரிழந்தார். காரை விட்டு இறங்கிய ஃபாஞ்சியோ அத்துடன் ஓய்வு பெற்றார். நான்கு வாரங்களில், நூர்பர்க்ரிங் சாலையிலேயே, காலின்ஸ் மாண்டார்; 1959 ஜனவரியில் ஹாத்தர்ன் சாதாரண நெடுஞ்சாலை விபத்தொன்றில் மாண்டார். ஃபாஞ்சியோவின் அன்புக்குரிய சீடர் மாரிமோன் 1954-இலும், பெரும்போட்டியாளரான அஸ்காரி 1955-இலும் ஏற்கெனவே போய்விட்டார்கள்.

ஃபாஞ்சியோ தாயகம் திரும்பி மெர்ஸிடிஸ் கார் வியாபாரத்தில் ஈடுபட்டு, பின்னர் அந்த நிறுவனத்தின் அர்ஜென்டீனக் கிளைக்குக் கௌரவத் தலைவராகவும் விளங்கினார். 1986-இல் பால்கார்சேயில் அவர் பெயரால் ஒரு பொருட்காட்சிச் சாலை திறக்கப்பட்டது. 1995 ஜூலை 17-ஆம் தேதி, எண்பத்துநான்காம் வயதில், புவெனஸ் அயர்ஸில் காலமாகி, சொந்த ஊரில் அடக்கம் செய்யப்பட்டார். 51 சாம்பியன் பந்தயங்களில் 24 வெற்றி என்னும் விகிதத்தை, நெடுநாள் ஓட்டிய வீரர்களில் இன்றுவரை எவரும் எட்டவில்லை. ஐந்து பட்டங்கள் என்ற சாதனையைத் தாண்ட மைக்கேல் ஷூமாக்கர் 2003-இல் தம் ஆறாவது பட்டத்தைப் பெறும்வரை உலகம் காத்திருக்க வேண்டியிருந்தது.

மெர்ஸிடிஸ் அணியில் அவருடைய காருக்குப் பின்னாலேயே ஓட்டிப் பாடங்கேட்டு, 1955-இல் ஏன்ட்ரியில் அவரையே முந்தி வென்று, எனினும் உலகச் சாம்பியன் பட்டத்தை ஒருமுறையும் அடையாதுபோன ஸ்டர்லிங் மாஸின் சரித்திரத்தை அடுத்த இதழில் தொடங்குவோம்.